எலியக்கா குத்திய காதுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறு முகம் காட்டவும் தெரியாது. இந்த விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். "பார்க்கிறோம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்தோரு வருடம் எலி வளர்த்த ஒரு பெண்ணைப் பற்றிய கதை இது. எல்லோருக்கும் அவர் எலியக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர், குட்டையான உருவம், நடையில் மட்டும் வேகம். சுண்டெலியைக் கையில் எடுத்தால் அந்த எலி பயப்படாது, பக்கத்தில் நிற்கிற மனிதர்கள் நாங்கள்தான் அவருக்குப் பயப்படுவோம். தண்ணீர்ப் புட்டியைச் சரியாக மாட்டாமல் போனவர்களுக்கு அவர் விட்ட டோஸ் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கிறது.

நான் அதே கட்டிடத்தில் ரத்தம் பார்க்கிறவள். எலியின் ரத்தத்தைத்தான். சின்னக் குழாயில் வரும், இயந்திரத்தில் வைப்பேன், எண் வரும், எழுதிக் கொடுப்பேன். எலியக்காவின் அறையிலிருந்து வருகிற ரத்தம்தான் எனக்கு வேலை. எனவே பன்னிரண்டு வருடமாக மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான்.

அக்கா இந்தக் கட்டிடத்துக்கு வந்தது தரை கூட்டுகிற வேலைக்கு. வந்த இரண்டாம் வாரம் டாக்டரும் வேலையில் சேர்ந்தார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, எலியின் கொழுப்பைப் படித்துப் பட்டம் வாங்கியவர். அவருக்கு அப்போது உட்கார நாற்காலிகூடக் கொடுக்கவில்லை. எங்கிருந்தோ வரவழைத்த முதல் ஆறு எலிகளை அட்டைப் பெட்டியோடு கையில் வைத்துக்கொண்டு நடையில் நின்றாராம். பெட்டியின் மூலை பிய்ந்து ஒன்று வெளியே குதித்துவிட்டது. அவர் அதன் பின்னால் ஓட, துடைப்பத்தோடு நின்ற அக்கா குனிந்து, உள்ளங்கையைக் குவித்துப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் பெட்டிக்குள் விட்டிருக்கிறார். "அக்கா, நீங்க என்கூட வேலை செய்றீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "சரி தம்பி" என்றார் இவர். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. வயதில் ஒரே ஒரு வருடம்தான் வித்தியாசம். ஆனாலும் அந்த நிமிடத்திலிருந்து அவர் தம்பி, இவர் அக்கா.

வெறும் வாய் வார்த்தை என்று நினைக்காதீர்கள். டாக்டருக்கு அம்மை போட்டிருந்தபோது இருபது நாள் அவருடைய ஆய்வைத் தனியாளாக ஓட்டியவர் அக்கா. அக்காவின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க அலைந்தவர் டாக்டர். கூடப் பிறந்த தம்பி ஒருவன் இவருக்கு உண்டு, வருடத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். "அவன் பேருக்குத் தம்பி, இவர்தான் தம்பி" என்று என்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

வீடு, கணவர் நடத்துகிற பம்பு பழுது பார்க்கும் பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை. முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு, பின்னால் பளிச்சென்று துடைத்த தரை. வேலை முடிந்து போனதும் நேராகக் குளியலறை, அதற்கப்புறம்தான் அடுப்பு. கணவர் வாயாடி. மனைவியின் ஆராய்ச்சியைப் பற்றி யார் கேட்டாலும் அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: "எலிக்கு ஈ இல்லையாம், அதுக்கு ஒரு ஆராய்ச்சியாம். நம்ம வீட்டுல ஈயும் இருக்கு எலியும் இருக்கு, வந்து பாக்கச் சொல்லு."

அந்த ஈ என்ன என்று சொல்லியாக வேண்டும். கொழுப்பு தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் உடம்பு கொழுப்பைச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. மூட்டை கட்டுகிற கயிறு, மேலே ஒட்டுகிற விலாசம், சுமந்துபோகிற ஆள் எல்லாமே ஒரு குடும்பத்துப் புரதங்கள். முழுப் பெயர் அப்போலிப்போபுரோட்டீன். வாயில் நுழையாது, நாங்கள் அப்போ என்று நிறுத்திக்கொள்வோம். அப்போ பி இல்லாவிட்டால் பெரிய மூட்டையே கட்ட முடியாது. அப்போ சி-மூன்று அதிகமானால் மூட்டையைப் பிரித்து இறக்கவிடாமல் தடுத்து, கொழுப்பு ரத்தத்திலேயே தேங்கிவிடும். அப்போ ஈதான் விலாசம். அதைப் பார்த்துத்தான் ஈரல் தனக்கு வந்த மூட்டையை அடையாளம் கண்டு உள்ளே எடுத்துக்கொள்ளும். அப்போ ஏ-ஒன்று இருக்கிறதே, அது ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொலஸ்ட்ராலை வாரிக்கொண்டு ஈரலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள்.

எலிகளுக்கு ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது லேசில் நடக்காது. ஆனால் அப்போ ஈ இல்லாமல் பிறக்கும்படி செய்துவிட்டால், சாதாரணத் தீனி தின்றாலே போதும், மூட்டைகள் போக்கிடம் இல்லாமல் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த எலியின் ரத்தத்தைத் தெளியவிட்டுப் பார்த்தால் தண்ணீர் விட்ட பால் மாதிரி கலங்கலாக இருக்கும். ஆனால் எலி பார்க்க ஒல்லியாக, சுறுசுறுப்பாகத்தான் திரியும். இதையெல்லாம் நான் அக்காவுக்கு ஒரு மத்தியானம் சொன்னபோது, "அப்போ இதுங்களுக்குக் கொழுப்பு உள்ளுக்குள்ள, வெளிய தெரியாது. மனுஷங்கள்ல எத்தனை பேர் இருக்காங்க அப்படி" என்றார். அன்றிலிருந்து ஈ இல்லாத எலிகள் எல்லாம் "கொழுப்பெடுத்ததுங்க."

டாக்டரின் பெரிய ஆய்வு என்னவென்றால், இந்தக் கொழுப்பெடுத்த எலிகளில் பாதிக்கு மனிதனுடைய ஏ-ஒன்றையும் பிறவியிலேயே சேர்த்துக் கொடுப்பது. ஈ இல்லாத கேட்டை, வாரிச் செல்கிற ஏ-ஒன்று எவ்வளவு தூரம் சரிக்கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பாதிக்கு அக்கா வைத்த பெயர் "கூட்டுறதுங்க." நானும் கூட்டிக்கிட்டு இருந்தவதானே என்று சொல்லிச் சிரிப்பார். அவற்றின் மேல் அவருக்குத் தனிப் பிரியம், அதை மறைக்கவும் மாட்டார்.

இரண்டு வகையும் ஒரே வயிற்றில் பிறக்கும், ஒரே கூண்டில் வளரும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எனவே மூன்றாவது வாரம் வால் நுனியைத் துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவோம். முடிவு வருகிறவரை வாலில் பேனாக் கோடு. முடிவு வந்ததும் அக்கா காதில் ஓட்டை போடுவார். வலது காதில் ஓட்டை இருந்தால் ஈ மட்டும் இல்லாதது. இடது காதில் இருந்தால் ஏ-ஒன்றும் சேர்ந்தது. இதை ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்திருந்தார்.

வலது என்றால் யாருக்கு வலது? அதை மட்டும் அட்டையில் எழுதவில்லை. இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவும் இல்லை. காதைப் பார்க்கிற ஆள் அக்கா ஒருவர்தான், வேறு யாருக்கு எதற்கு எழுத வேண்டும்?

அக்கா எலியைக் கூண்டின் கம்பி மூடிமேல் விடுவார், வாலின் அடியை இரண்டு விரலால் பிடிப்பார். எலி கம்பியைப் பற்றிக்கொண்டு முன்னால் போகப் பார்க்கும். அதன் முதுகு அக்கா பக்கம் இருக்கும். அப்போது எலியின் வலதும் அக்காவின் வலதும் ஒன்றுதான். டாக்டருக்கு அந்தப் பிடி ஆகாது. சேர்ந்த முதல் வாரமே வாலைப் பிடித்து, எலி திரும்பி விரலைக் கடித்துத் தையல் போட்டாயிற்று. அன்றிலிருந்து பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, வயிற்றுப் பக்கத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பித்தான் பார்ப்பார். நாங்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வோம், அவரும் சிரிப்பார்.

ஆய்வின் முதல் பாதி முடிகிற வாரத்தில் அக்காவின் மகளுக்குப் பிரசவம். ரயிலில் ஒரு பகல் தூரம். நாலு நாள் விடுப்பு வேண்டும், அதுவரை தள்ளிப்போடலாமா என்று அக்கா கேட்டார். தேதி தள்ளக் கூடாது, நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பேரப்பிள்ளையைப் பாருங்கள் என்று டாக்டரே பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்து அனுப்பினார். நாற்பத்தெட்டு எலிகளை அவர் ஒருவரே எடுத்து, காதைப் பார்த்து, கொன்று, ரத்தம் எடுத்து, குழாய்களில் சீட்டு எழுதினார். பெருநாடியைச் சீவிச் சிவப்புச் சாயம் போட்டுக் கொழுப்பை அளந்ததும், நான் ரத்தம் பார்த்ததும் அந்தச் சீட்டை நம்பித்தான்.

வந்த முடிவைப் பார்த்து எனக்கு முழி பிதுங்கியது. ஏ-ஒன்று உண்டு என்று சீட்டு ஒட்டிய ரத்தத்தில் நல்ல கொலஸ்ட்ரால் குறைவு. அதே கூட்டத்துக்குத்தான் பெருநாடியில் படிவும் அதிகம். தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டேன். அதுதான் புதுமை என்றார் டாக்டர். ஈ இல்லாத இடத்தில் ஏ-ஒன்று நல்லவன் வேஷம் போட்ட கெட்டவன், இதுவரை யாரும் கண்டுபிடிக்காதது என்றார். அந்த ரத்தத்தில் மனித ஏ-ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றும் கேட்டேன். நேரமில்லை என்றார். பெரிய மாநாடு ஒன்று வந்துகொண்டிருந்தது. போனார், பேசினார், மாலையோடு வராத குறைதான்.

அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கூட்டுறதுங்க அப்படிப் பண்ணாதுங்க தம்பி" என்று அவரிடமே சொன்னார். வயதாக ஆக யாருக்கு முதலில் தோலில் புண் வருகிறது, யார் முதலில் சோர்ந்து மூலையில் உட்காருகிறது என்று தினமும் பார்க்கிற கண் அவருடையது. வலது காதுக்காரர்கள்தான் முதலில் விழுகிறார்கள், இது மாறியிருக்கிறது, இன்னொரு தடவை பாருங்கள் என்றார். டாக்டர் தோளைத் தட்டி, "உங்க செல்லங்களைக் குறை சொல்லிட்டேன்னு கோபமா அக்கா" என்று சிரித்து அனுப்பிவிட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அதே ஆய்வைச் செய்து பார்த்தோம், நேர் எதிராக வருகிறது, உங்கள் எலிகளைச் சரிபார்க்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். டாக்டர் முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தார். உறையவைத்திருந்த ரத்தத்தில் மனித ஏ-ஒன்றைப் பார்க்கச் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தேன். ஏ-ஒன்று உண்டு என்று எழுதிய இருபத்துநாலு குழாயிலும் அது இல்லை. இல்லை என்று எழுதிய இருபத்துநாலிலும் இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. தாளை அவர் கையில் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இதை இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம், நானே சரி பண்ணுகிறேன் என்றார்.

பெரிய மனது, தவறை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டார். ஆய்வின் இரண்டாம் பாதிக்காக வைத்திருந்த நாற்பது எலிகள் உயிரோடு இருந்தன. அவை இனி தேவையில்லை, ஆய்வு முடிந்துவிட்டது, முடித்துவிடுங்கள் என்றார். அந்த வேலையும் அக்காவுடையதுதான். பெட்டிக்குள் மெதுவாக வாயுவை விட்டு, கடைசி மூச்சு நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவசரப்படுத்தினால் அதுங்க பயந்து சாகும் என்பார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. நாற்பதும் எரியூட்டிக்குப் போய்விட்டன.

அடுத்த திங்கட்கிழமை ஒரு கடிதம் தயாராக இருந்தது. எலிகளின் காதில் குறியிட்டபோது வலது இடது மாறியிருக்கக்கூடும் என்று அக்கா எழுதிக் கொடுப்பதாக. விசாரணைக் குழு ஒன்று போட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஏதாவது ஒரு காகிதம் வேண்டும், சும்மா ஒரு கையெழுத்து, நான் இருக்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நான் மாத்திக் குத்தலைம்மா. எனக்கு நல்லாத் தெரியும். இதுல போய்க் கையெழுத்துக் கேக்கிறாரே" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? தாளைப் பார்த்தவள் நான். மாறிப்போயிருக்கிறது என்று தெரிந்தவள். மாறினது குத்தின கையால் என்றுதான் நானும் நினைத்துவிட்டேன். பார்த்த கண்ணாலும் மாறியிருக்கலாம் என்று இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை. பாவம் அக்கா, வயதாகிவிட்டது, கை தவறியிருக்கும், டாக்டர் இதமாக முடித்து வைக்கப் பார்க்கிறார் என்று எனக்குள் ஒரு இரக்கம் வேறு. "போடுங்கக்கா, அவர் உங்களைக் கைவிடுவாரா" என்றேன். என் மேசையில், என் பேனாவால்தான் போட்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. பராமரிப்பாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை. எலிகள் இருக்கும் பகுதிக்கு அவர் இனி போகக் கூடாது, புட்டி கழுவுகிற அறைக்கு மாற்றம். யாரும் நேரில் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல அடையாள அட்டையைக் கதவில் காட்டியிருக்கிறார், சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையை முந்தானையில் துடைத்து மறுபடி காட்டியிருக்கிறார். நான் மாடிப்படியில் வந்தபோது நாலாவது தடவை காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மத்த எலிங்களுக்குத் தண்ணி வச்சு ரெண்டு நாளாச்சும்மா, யாரையாவது திறக்கச் சொல்லேன் என்றார். தன் வேலை போனது அவருக்கு உறைக்கவில்லை, புட்டி காலியாக இருக்குமே என்பதுதான் கவலை.

டாக்டரைப் பார்க்கப் போனோம், வெளியூர் என்றார்கள். மூன்று மாதம், அதற்குள் நானே திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனில் ஒரு செய்தி மட்டும் வந்தது. அதை அக்கா கணவருக்குப் படித்துக் காட்டினாராம். வாயாடி மனுஷன் எழுந்து பட்டறைக்குப் போய் ஒரு பம்பைப் பிரிக்க ஆரம்பித்தாராம்.

புட்டி கழுவுகிற அறை தரைத்தளத்தில், எப்போதும் ஆவி அடிக்கிற இடம். ஒரு மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்தேன். மனது கேட்காமல், எப்படிக்கா மாறியிருக்கும் என்று கேட்டேவிட்டேன். அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். ஈரப் புட்டித் தூரிகையை எடுத்துக் கவிழ்த்த கூடைமேல் வைத்தார். அதன் காம்பைப் பிடித்துக்கொண்டார். "இது எலி. இது வாலு. இது அதோட வலது காது, என் வலது கைப்பக்கம். ஆயிரக்கணக்குல குத்தியிருக்கேன். எங்க மாறும், சொல்லு" என்றார்.

நான் அந்தத் தூரிகையைப் பார்த்தேன். கையில் எடுத்தேன். டாக்டர் எலியைத் தூக்குகிற மாதிரி, பிடரியைப் பிடித்து, என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். எலியின் வலது காது என் இடது கைப்பக்கம் வந்து நின்றது.

 அக்கா ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார். அக்கா மாற்றிக் குத்தவில்லை, டாக்டர்தான் மாற்றிப் பார்த்திருக்கிறார். நாற்பத்தெட்டும் ஒன்று விடாமல் மாறினதே அதற்குச் சாட்சி. கை தவறினால் அங்கொன்று இங்கொன்று மாறும், எல்லாமா மாறும்?

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இப்போதே குழுவிடம் போவோம், மிச்ச எலிகளின் காதையும் வால் பரிசோதனை முடிவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரே நிமிடத்தில் உண்மை வெளியே வந்துவிடும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. மிச்சம் ஏது? இப்போது உள்ளே இருப்பதெல்லாம் வேறு ஆய்வுகளின் எலிகள், இந்தக் குறி இல்லாதவை. அந்த நாற்பது காதுகள்தான் அக்கா பக்கம் பேசியிருக்கும். இவர் கையாலேயே முடிக்க வைத்துவிட்டாரே அந்த மனுஷன். செவ்வாய்க்கிழமை தாளைப் பார்த்துவிட்டுப் புதன்கிழமை காலையில் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாளைப் பற்றியும் அப்போதுதான் சொல்லி, நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார் என்று நான் கத்தினேன். அக்கா வாயை மூடு என்றார். "தாள்ல மாறிப்போச்சுன்னுதானே இருந்துச்சு? யார் மாத்தினதுன்னு இல்லையே. நான்தான்னு நினைச்சிருப்பார். நீயும் அப்படித்தானே நினைச்சே?" என்றார்.  எலிகளை முடிக்கச் சொன்னதும் செலவை மிச்சம் பிடிக்கத்தான் இருக்கும் என்றார். தான் பிடித்த பிடியைப் பற்றி அவருக்கு யோசனையே வந்திருக்காது, போய்ச் சொன்னால் தலையில் அடித்துக்கொண்டு திருத்தி எழுதுவார் என்றார். இருபத்தோரு வருடத் தம்பியை ஒரு காகிதத்துக்காக விட்டுக்கொடுக்க அக்காவுக்கு மனதில்லை. வேலை போனதைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பார். டாக்டர் தெரிந்தே செய்தார் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

டாக்டர் ஊரிலிருந்து வந்த அன்று காலை பதினோரு மணிக்கு அவர் அறைக்குப் போனோம். பேசுவது நான் மட்டும்தான், நீ வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. டாக்டர் எழுந்து நின்றே வரவேற்றார். அக்கா எப்படி இருக்கீங்க, பேரப்பிள்ளை எப்படி இருக்கான், மாமா பட்டறை எப்படிப் போகுது என்று வரிசையாக விசாரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. தூரிகையைப் பற்றியோ, நாங்கள் கண்டுபிடித்ததைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி" என்றார். "நான் ஊருக்குப் போயிருந்தேனே, அன்னைக்கு எலியை எப்படிப் பிடிச்சுக் காதைப் பாத்தீங்க?"

டாக்டர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"உங்களை மாதிரிதான்க்கா. கம்பி மேல விட்டு, வாலைப் பிடிச்சு."

 பிடித்த விதம்தான் பிரச்சினை என்று அந்தக் கட்டிடத்தில் ஒருவருமே இதுவரை சொன்னதில்லை. அறிக்கையில் இல்லை, கடிதத்தில் இல்லை, குழு கேட்கவும் இல்லை. ஒன்றும் அறியாத ஆளாக இருந்தால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்டிருப்பார், இல்லையென்றால் எப்பவும் போலத்தான் என்று சொல்லியிருப்பார். கடி வாங்கிய நாளிலிருந்து வாலைத் தொடாத மனுஷன், இந்தக் கேள்விக்கு மட்டும் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? எங்கே தவறினோம் என்று அவருக்கு முன்பே தெரியும். அந்தத் தாள் கைக்கு வந்த செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கிறது. காது குத்துகிறவருக்கே காது குத்தப் பார்த்தார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. 

"சரிங்க சார்" என்றார்.

டாக்டரின் கை மேசை விளிம்பைப் பற்றியது. மூன்று மாதம் என்று சொன்னேனே, எல்லாம் அடங்கட்டும், அதற்கப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏதேதோ ஆரம்பித்தார். "அக்கா, கொஞ்சம் உக்காருங்கக்கா" என்றார்.

அக்கா அதற்குள் கதவுவரை போய்விட்டார். கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பினார்.

"அக்கான்னு கூப்பிடாதீங்க சார். அந்தக் கடிதத்துல என் பேரை ஒரு எழுத்து பிசகாம எழுதியிருந்தீங்களே. அதையே சொல்லிக் கூப்பிடுங்க."